1853 என்ஃபீல்டைக் கண்காட்சி மேசையில் வைப்பது எப்படி?

அமெரிக்காவில் பழைய துப்பாக்கி சேகரிப்பவர்கள் கூடும் கன் ஷோவில் முதல் முறையாக மேசை எடுத்திருக்கிறீர்களா? விற்க இல்லை, காட்ட மட்டும்தான் என்றால் இது உங்களுக்கு. என்னிடம் இருக்கும் 1853 மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியை வைத்தே சொல்கிறேன். பிரிட்டிஷ் ராணுவத்துக்காக உருவானது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு தரப்பும் வாங்கிக் குவித்தது. திருவொற்றியூரில் புல்லட் வண்டி செய்த ராயல் என்ஃபீல்டின் பெயருக்குள் இருப்பதும் இந்த மாதிரி பிறந்த, இங்கிலாந்தின் அதே என்ஃபீல்டு ஆயுதச் சாலைதான்.

முதல் வேலை: குழல் காலியா என்று பாருங்கள்

வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி இது. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. 1863-இல் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் பொறுக்கிய 27,574 துப்பாக்கிகளில் ஏறக்குறைய 24,000 மருந்து கெட்டித்தபடியே கிடந்தன. பலவற்றில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மூன்று தோட்டாக்கள். அப்படி ஒன்று யார் வீட்டுப் பரணிலும் இருக்கலாம். கரிமருந்து ஈரமில்லாமல் இருந்தால் 150 ஆண்டு கழித்தும் வெடிக்கும்.

நாலடி நீள மரக்குச்சி ஒன்றை எடுங்கள். குழல் வாய்க்கு நேரே முகம், கை எதையும் நீட்டாமல், பக்கவாட்டில் நின்று குச்சியை மெதுவாக உள்ளே இறக்குங்கள். அடியில் தட்டியதும், வாய் விளிம்பு படும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். குச்சியை வெளியே எடுத்து, கோடு வாய் விளிம்பில் இருக்கும்படி குழலின் மேல் கிடத்துங்கள். குச்சியின் முனை, கேப்பு (சுத்தியல் அடித்ததும் பொறி தட்டி மருந்தைப் பற்றவைக்கும் சின்ன உலோக மூடி) மாட்டும் காம்பு வரைக்கும் வர வேண்டும். ஓரிரு அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. தோண்டாதீர்கள், தட்டாதீர்கள். பழைய துப்பாக்கி பழகிய கன்ஸ்மித்தை (துப்பாக்கி பழுதுபார்ப்பவரை) கூப்பிடுங்கள்.

சட்டமும் விதியும்

1898-இலோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கியைக் கூட்டரசுச் சட்டம் பழம்பொருளாகவே பார்க்கிறது. மாநிலச் சட்டம் வேறாக இருக்கலாம், அதைத் தனியாகப் பாருங்கள். பழம்பொருள் என்பதால் வாசலில் சோதனை இல்லை என்று நினைக்க வேண்டாம். பொதுவாக எல்லாத் துப்பாக்கியையும் பார்த்து, பிளாஸ்டிக் பட்டை கட்டித்தான் உள்ளே விடுவார்கள். மருந்து, வெடிக்கக்கூடிய கேப்பு எதையும் கொண்டு போகாதீர்கள்.

பளபளப்பாக்காதீர்கள்

முதல் கண்காட்சிக்கு முந்தின இரவு, விசையைச் சுற்றியுள்ள பித்தளை வளையத்தை பாலிஷ் போட்டுத் தேய்த்துவிட்டேன். புளி போட்டுத் துலக்கிய குத்துவிளக்கு மாதிரி மின்னியது. மறுநாள் ஒரு பெரியவர் குனிந்து பார்த்தார், அந்த வளையத்தில் விரலை ஓட்டினார், ஒன்றும் சொல்லாமல் அடுத்த மேசைக்குப் போனார். ஒன்றரை நூற்றாண்டாகப் படிந்த அந்தத் தேன் நிறம் என் வாழ்நாளில் திரும்பாது. தூசியை மென்துணியால் துடைத்து, மைக்ரோகிறிஸ்டலின் மெழுகு மெல்லியதாகப் பூசினால் போதும். கையில் நைட்ரைல் உறை போடுங்கள். பருத்தி உறை வழுக்கும்.

மேசை

கறுப்பு அல்லது கரும்பச்சைத் துணி. இரண்டு தாங்கிகள், தொடும் இடத்தில் பாலிஎத்திலீன் நுரை. எஃகு கம்பிப் பூட்டை விசை வளையத்தினூடே கோத்து மேசையோடு கட்டுங்கள், கம்பிக்கு உறை இருக்கட்டும். குழல் கூட்டத்தைப் பார்த்திருக்க வேண்டாம்.

விவர அட்டை: உண்மையான உழைப்பு இங்கேதான்

முதலில் துப்பாக்கியையே படியுங்கள். பூட்டுத் தகட்டில் (சுத்தியல் பொருத்திய பக்கவாட்டு இரும்புத் தகட்டில்) கிரீடம், ‘1862’, ‘டவர்’ என்று இருக்கிறதா? கிரீடத்தின் கீழ் விக்டோரியா ராணியைக் குறிக்கும் ‘VR’ என்ற எழுத்துகள் இல்லையென்றால், பெரும்பாலும் அரசுக்கு அல்ல, வெளிச் சந்தைக்குச் செய்தது. குழலின் பின்முனைக்கு அருகில், இடப்பக்கத்தில், 24 அல்லது 25 என்று எண் இருக்கும். ஆண்டோ வரிசை எண்ணோ இல்லை. அந்தத் துளைக்குப் பொருந்தும் உருண்டை ஈயக் குண்டுகள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு என்ற கணக்கு. இந்தக் குறிகள் பார்வையாளருக்குத் தெரியும்படி சின்னக் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வையுங்கள்.

பிறகு எழுதுங்கள்: மாதிரி, ஆண்டு, 0.577 அங்குலத் துளை, 39 அங்குலக் குழல், உங்கள் கைக்கு எப்படி வந்தது. மாற்றிய பாகம் இருந்தால் அதையும். மூன்றடி தள்ளி நின்றாலும் படிக்கும் அளவு எழுத்து.

1857-ஐ எழுதாமல் விட மனம் வராது, விடவும் வேண்டாம். இதன் காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் கொட்ட வேண்டும். அதில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறது என்ற பேச்சு சிப்பாய்களிடையே பரவி, மே 10-இல் மீரட்டில் கலகம் வெடித்தது. மருந்தில்லாத மாதிரித் தோட்டா ஒன்றைத் துப்பாக்கி அருகில் வைத்தால் ஆட்கள் தாமாகவே நிற்பார்கள். ஆனால் அட்டையில், “இதே மாதிரித் துப்பாக்கி” என்று எழுதுங்கள். “இந்தத் துப்பாக்கி” என்று எழுதக் கையில் ஆவணம் வேண்டும். தகட்டில் 1862 என்று இருக்கும் துப்பாக்கி 1857-இல் இருந்திருக்கவே முடியாது. கூர்ந்து பார்க்கும் ஒருவர் அதைக் கண்டுபிடித்துவிட்டால், அட்டையில் மற்ற வரிகளையும் நம்ப மாட்டார். ஆவணம் இருந்தால் நகலை மட்டும் வையுங்கள்.

வீடு திரும்பியதும், தூக்கம் வந்தாலும், விரல் பட்ட இடமெல்லாம் துடைத்துவிடுங்கள். வியர்வை உப்பு ஓரிரு நாளில் துரு பிடிக்க வைக்கும். நுரைப் பெட்டிக்குள் போட்டு மூடி வைக்காதீர்கள், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.