மைக் முன்னால் மேலாளர் சறுக்கும் இடங்கள்

நியூ ஜெர்சியில் சிறுவர் பேஸ்பால் அணி ஒன்றுக்குப் பயிற்சி தருகிறேன். புதிதாகப் பயிற்சியாளர் ஆகிறவர்கள் தோற்ற அன்றே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டுவிடுகிறார்கள்: "அவனுக்கு முன்ன மாதிரி ஆர்வமே இல்லைங்க." அமெரிக்காவின் தொழில்முறை பேஸ்பாலான பெரிய லீக்கில் ஒரு மேலாளர், அதாவது களத்தில் அணியை நடத்தும் தலைமைப் பயிற்சியாளர், இதே வார்த்தையைச் சொல்லித்தான் சிக்கினார். கெட்ட வார்த்தை பேசாதே, செய்தியாளரிடம் எரிந்து விழாதே என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. விட்டுவிடுகிறேன்.

வீரனின் மனசை ஊர் முன்னால் எடைபோடுவது

2012-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு மேலாளராக வந்தவர் பாபி வாலண்டைன். ஜப்பானில் சிபா லோட்டே மரீன்ஸ் அணிக்கு 2005-இல் கோப்பை வாங்கித் தந்தவர். முந்தைய ஆண்டுதான் ஈஎஸ்பிஎன் விளையாட்டுத் தொலைக்காட்சியில் வர்ணனை செய்துகொண்டிருந்தார். கேமராவைக் கண்டு தடுமாறுகிற ஆள் இல்லை.

பருவம் தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. தொலைக்காட்சிப் பேட்டியில், தன் அணி வீரர் கெவின் யூகிலிஸ் உடலளவிலும் மனத்தளவிலும் முன்போல ஆட்டத்தில் ஒன்றவில்லை என்றார். யூகிலிஸ் 2004-இலிருந்து அந்த அணிக்கே ஆடிவந்தவர். 2007-இல் கோப்பை வென்ற அணியில் முதல் பேஸ், அதாவது ஓடுபவர் முதலில் தொடவேண்டிய இடம், அவர் காவலில்தான் இருந்தது. மறுநாள் சக வீரர் டஸ்டின் பெட்ரோயா செய்தியாளர்களிடமே பதில் சொன்னார்: இங்கே நாங்கள் இப்படி நடந்துகொள்வதில்லை. வாலண்டைன் மன்னிப்புக் கேட்டார். ஜூனில் யூகிலிஸ் சிகாகோ ஒயிட் சாக்ஸுக்குப் போனார். ரெட் சாக்ஸ் 69 வென்று 93 தோற்றது. அக்டோபரில் வாலண்டைனையும் வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பேட்டியால் மட்டும் அணி கெட்டது என்று சொல்லமாட்டேன், காயங்களும் ஏராளம். ஆனாலும் நினைத்தால் இன்றும் எரிச்சல்தான். "அடி சரியாக விழவில்லை" என்றால், அடுத்த வாரம் நாலு அடி அடித்து வாயை மூடிவிடலாம். "மனசு இல்லை" என்றால் எதை அடித்து நிரூபிப்பது? பக்கத்து இருக்கைக்காரனுக்கோ நாளை நம் முறை என்ற பயம். பருவத்துக்கு 162 ஆட்டம், ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் மேலாளர் செய்தியாளர்களிடம் உட்கார வேண்டும். நேற்று விழுந்த வார்த்தையை இன்று யாராவது எடுத்து நீட்டாமல் இருப்பார்களா?

கதவைச் சாத்திவிட்டு அவனிடமே கேளுங்கள். வெளியே, "இன்னும் பந்து சரியாக மட்டையில் படவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்றால் போதும். செய்தியாளருக்குச் சப்பென்றிருக்கும். இருக்கட்டும்.

எதிரணிக்கு வக்காலத்து

2021 மே மாதம். ஒயிட் சாக்ஸ் 15-4 என்று முன்னிலையில் இருக்கிறது. எதிரணியான மினசோட்டா ட்வின்ஸுக்காகப் பந்து போடுகிறவர் பிட்சரே (பந்து எறிவதையே வேலையாகக் கொண்டவர்) இல்லை. மூன்று "பால்" (எல்லைக்கு வெளியே போன பந்து), ஸ்ட்ரைக் (அடிப்பவருக்குப் பாதகமான பந்து) ஒன்றுகூட இல்லை என்ற நிலையில் ஒயிட் சாக்ஸின் புதுமுகம் யெர்மின் மெர்சிடஸ் ஹோம் ரன் அடித்தார். இவ்வளவு முன்னிலையில் அந்த நிலையில் அடிப்பது எதிரணியை அவமதிப்பது என்பது எழுதாத வழக்கம். அடிக்காதே என்ற சைகையை மீறியது உண்மை. கண்டிக்க மேலாளர் டோனி லா ரூசாவுக்கு உரிமை உண்டு. ஆனால் பையனைச் செய்தியாளர்கள் முன்னால் கண்டித்தார். அதோடும் விடவில்லை: மறுநாள் ட்வின்ஸ் பிட்சர் மெர்சிடஸின் முதுகுப்புறமாகப் பந்தை எறிந்தபோது, அதில் தனக்கு வருத்தமில்லை என்றார். சொந்த அணியின் பிட்சர் லான்ஸ் லின்னே மெர்சிடஸ் பக்கம் பேசும்படி ஆயிற்று.

ஊர் தெரியாமல் பேசுவது

கியூபாவிலிருந்து தப்பிவந்தவர்கள் நிறைந்த மயாமியில் மேலாளராக இருந்துகொண்டு ஃபிடல் காஸ்ட்ரோவைப் பிடிக்கும் என்றார் ஓஸி கியேன். ஐந்து ஆட்டத் தடை.

நடுவரோடு சண்டை

இதைத் தவறு என்று எழுத எனக்கு மனமில்லை. அட்லாண்டா பிரேவ்ஸின் பாபி காக்ஸ் நடுவர்களால் 150 முறைக்கு மேல் ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர். வீரர்கள் அவருக்காக உயிரைக் கொடுத்து ஆடினார்கள்.