கம்பி தெரிந்தால் உடனே பூசாதீர்கள்

பினாங்கில் ஜெலுத்தோங் பக்கம் எங்கள் பழைய பிளாட்டில் ஒரு நாள் காலையில், குளியலறைக் கூரையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கான்கிரீட் துண்டு விழுந்து வாளியை உடைத்துவிட்டது. அண்ணாந்து பார்த்தால் துருப்பிடித்த கம்பி. தெரிந்த கொத்தனாரைக் கூப்பிட்டேன். “சின்ன வேலைதான் அண்ணே, பூசி வெள்ளை அடிச்சிட்டா தெரியவே தெரியாது” என்றார். அடுத்த தீபாவளி வரைக்கும் தெரியவில்லைதான். அப்புறம், பூசிய இடம் அப்படியே நிற்க, அதன் ஓரத்தில் வேறொரு துண்டு விழுந்தது.

ஏன் ஓரத்தில்? அதைப் புரிந்துகொள்ளாமல் பூசுவதுதான் முதல் தவறு. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை, பி.எச். கணக்கில் 12-க்கு மேல் இருக்கும். அந்தக் காரம் இருக்கும்வரை உள்ளே கம்பி சும்மா கிடக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் மெல்ல உள்ளிறங்கி, அதை 9 வரைக்கும் கீழே கொண்டுவந்துவிடும். அப்போது துரு தொடங்குகிறது. பினாங்கில் கடல் உப்பும் சேர்ந்துகொள்கிறது. உப்பு, காரம் குறையட்டும் என்று காத்திருக்காது. துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். இடமில்லாததால் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது.

உப்பு ஊறிய கூரையில் ஒரு திட்டை மட்டும் புதுக் கலவையால் பூசினால், அந்தத் திட்டிலுள்ள கம்பி பிழைத்துக்கொள்ளும். அதை ஒட்டிய பழைய பகுதியில் கம்பி முன்பைவிட வேகமாக அரிக்கும். ஒரு பாட்டரியின் இரு முனைகள் மாதிரிதான். அதுவரை துருப்பிடித்துக்கொண்டிருந்த இடமே பக்கத்துக் கம்பிக்குக் காவலாக இருந்திருக்கிறது. நாம் பூசி அந்தக் காவலை எடுத்துவிட்டோம். இதற்காகத்தான் சில இடங்களில் கம்பியோடு சிறு துத்தநாகக் கட்டியைக் கட்டிவிட்டுப் பூசுகிறார்கள். கம்பிக்குப் பதில் துத்தநாகம் அரிபடும்.

எங்கள் கொத்தனார் விழுந்த குழியை மட்டும்தான் பார்த்தார். சுற்றிலும் சுத்தியலால் தட்டியிருந்தால் தெரிந்திருக்கும். நல்ல இடம் ‘ணங்’ என்கும், உள்ளே பிரிந்த இடம் காலிப் பானை மாதிரி ‘தொப்’ என்கும். ஒரு மணி நேர வேலை, சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே போகலாம். எங்கள் கூரையில் இரண்டாம் துண்டு விழுந்தபின் தட்டிப் பார்த்தபோது, கோடு குழியைவிட மூன்று மடங்கு அகலத்துக்குப் போனது.

காரத்தை நிறத்தால் காட்டும் பீனால்ப்தலீன் என்ற திரவத்தின் சோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதிதாக உடைத்த முகத்தில் தெளித்தால், காரம் உள்ள பகுதி ரோஜா நிறமாகும். காரம் போன பகுதி நிறம் மாறாது. பார்க்க அழகாக இருப்பதால் பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். உப்பை அது காட்டாது. கடலோரக் கட்டடத்தில் ரோஜா நிறத்துக்கு நடுவிலேயே கம்பி துருவாகிக் கிடக்கலாம். துளை போட்டெடுத்த தூளை ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் உப்பின் அளவு தெரியும்.

சரி, உடைக்கும்போது நடக்கும் தவறு: கம்பியின் முன்பக்கத்தை மட்டும் சுரண்டிவிட்டு, பின்பக்கத் துருவை அப்படியே விடுவது. கம்பிக்குப் பின்னால் சுமார் 20 மில்லிமீட்டர், விரல் நுழையும் அளவுக்கு வெட்டி எடுக்க வேண்டும். நீளவாக்கில் துரு இல்லாத கம்பி வரும்வரை போக வேண்டும். துருவை ஆசிட் ஊற்றிக் கழுவுகிறேன் என்பவரைத் தடுத்துவிடுங்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். உப்புக்குப் பயந்து வேலை செய்யும் இடத்தில், உப்பிலிருக்கும் அதே குளோரைடை நாமே ஊற்றுகிறோம். கம்பித் தூரிகையோ மணல் வீச்சோ போதும். ஓரங்களைக் கட்டரால் 10 மில்லிமீட்டராவது நேராக வெட்டாமல் தோசை ஓரம் மாதிரி மெலிதாக இழுத்துவிட்டால், அந்த மெல்லிய ஓரம்தான் முதலில் பெயரும்.

கலவையில், பையில் எழுதியிருக்கும் தண்ணீர் அளவே அளவு. இறுகத் தொடங்கியதைத் திரும்பத் தண்ணீர் விட்டுக் குழைப்பது இந்த வெயிலில் தினமும் நடக்கிறது. பழைய முகம் ஈரம் குடித்திருக்க வேண்டும், மேலே தண்ணீர் மினுக்கக்கூடாது. பூசியபின் சீக்கிரம் காயாமலிருக்க, தூணென்றால் ஈரச் சாக்கு, கூரையடியில் சாக்கு நிற்காது என்பதால் பிளாஸ்டிக் தாள்.

பால்கனியில் மட்டும் துணிச்சல் காட்டாதீர்கள். வெளியே நீண்டு நிற்கும் தளத்தில் பாரம் தாங்கும் கம்பி மேல்பக்கம் இருக்கிறது. ஓடு மாற்றும் சாக்கில் மேலே கொத்தினால் அதைத்தான் தொடுகிறோம். கம்பி கண்ணுக்குத் தெரிய மெலிந்திருந்தாலோ, பீமிலோ பால்கனியிலோ கை வைப்பதானாலோ, முதலில் பொறியாளர், பிறகு கீழே இரும்பு முட்டு, அப்புறம்தான் உளி.

இவ்வளவும் செய்து, மேல் வீட்டுக் குளியலறை ஒழுகினால் எல்லாம் வீண். கீழிருந்து நீர்புகாப் பூச்சு அடித்தால் கொப்புளம் கட்டி உரியும். தண்ணீரை மேலே நிறுத்த வேண்டும். நாங்களும் மேல் வீட்டு அக்காவிடம் சொல்லக் கூச்சப்பட்டு ஒரு வருடத்தைக் கடத்தினோம். அடுக்குமாடி வீடுகளுக்கான 2013 ஸ்திராத்தா நிர்வாகச் சட்டத்தில், கூரையில் ஈரம் தெரிந்தால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை மேல் வீட்டிலிருந்து வருவதாகவே கொள்ளப்படும். புகார் கொடுத்த 7 நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும். எங்களுக்கும் வந்து பார்த்தார்கள். மேலே தரைக் குழாயைச் சுற்றியிருந்த அடைப்பு கழன்றிருந்தது. அக்கா அதை மாற்றிக் கொடுத்தபின், கூரை காயும்வரை இரண்டு மாதம் சாக்பீஸ் கோட்டோடு குளித்துவிட்டு, அப்புறம்தான் உடைக்க ஆள் வைத்தோம்.