பூங்காவுக்குள் அரங்கம் வருகிறதா? கவுன்சிலுக்குக் கடிதம் எழுதும் முறை

இங்கிலாந்தின் லிவர்பூலில் ஸ்டான்லி பூங்காவுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். லிவர்பூல் கிளப்பின் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு மேட்ச் பார்க்கிறவளும் நான்தான், காலையில் அந்தப் பூங்காவில் நடக்கிறவளும் நான்தான். அதனால் ஒரு கால்பந்து கிளப் பழைய பூங்காவில் அரங்கம் கட்டப்போகிறது என்று செய்தி வந்தால், எனக்கு முதலில் தோன்றும் கேள்வி ஒன்றுதான்: அரங்கம் வராமலே போனால் பூங்கா என்ன ஆகும்?

காரணம் இருக்கிறது. எட்வர்ட் கெம்ப் என்ற தோட்டக் கலைஞர் வடிவமைத்து 1870-ல் திறந்த பூங்கா இது. இங்கே புது அரங்கம் கட்டுவதாக லிவர்பூல் கிளப் 2002-ல் அறிவித்தது. 2006-ல் கவுன்சில் 999 ஆண்டுக் குத்தகைக்குச் சம்மதித்தது. 2007-ல் கிளப்பை வாங்கிய அமெரிக்கர்கள் 60 நாளில் மண்வெட்டி இறங்கிவிடும் என்றார்கள். அப்புறம் வடிவம் மாறியது, 2008-ல் பண நெருக்கடி வந்தது, கிளப்பும் கைமாறியது. கடைசியில் 2012-ல், பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கிற பழைய ஆன்ஃபீல்ட் அரங்கத்தையே பெரிதாக்குகிறோம் என்று முடிவு செய்தார்கள். பத்து ஆண்டுகள்! அத்தனை காலமும் சுற்றுவட்டாரத் தெருக்களில் வீடுகள் ஆளில்லாமல், ஜன்னலில் பலகை அடித்துக் கிடந்தன. இதே ஊரின் இன்னொரு கிளப்பான எவர்ட்டனும் அரங்கம் கட்ட 2014-ல் வால்டன் ஹால் பூங்காவைக் கேட்டுவிட்டு 2016-ல் விலகிக்கொண்டது.

எனவே உங்கள் ஊர்ப் பூங்காவுக்கு இப்படி ஒரு திட்டம் வந்தால், முதலில் நிலம் யாருடையது என்று பாருங்கள். கட்ட அனுமதி கொடுப்பது ஒரு முடிவு, நிலத்தைக் குத்தகைக்குக் கொடுப்பது வேறொரு முடிவு. இரண்டையும் ஒரே கவுன்சில் செய்வதால் நாம் குழப்பிக்கொள்கிறோம். இங்கிலாந்தில் பொதுத் திறந்தவெளியை விற்பதற்கோ நீண்ட குத்தகைக்கு விடுவதற்கோ முன்னால், கவுன்சில் உள்ளூர்ப் பத்திரிகையில் அடுத்தடுத்து இரண்டு வாரம் விளம்பரம் செய்து, வருகிற ஆட்சேபணைகளைப் பரிசீலிக்க வேண்டும். இது 1972 உள்ளாட்சிச் சட்டம். ஷ்ரூஸ்பரியில் ஒரு விளையாட்டுத் திடலின் பகுதியை இந்த விளம்பரம் இல்லாமலே விற்றார்கள். நிலம் கைமாறினாலும் மக்களுக்கு அதன்மேல் உள்ள உரிமை போகவில்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அங்கே வீடு கட்டக் கொடுத்த அனுமதியும் ரத்தானது. அதனால் விளம்பரம் எப்போது, எந்தப் பத்திரிகையில் வந்தது என்று கவுன்சிலிடம் எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது, கட்ட அனுமதி கேட்டுக் கிளப் கொடுத்த விண்ணப்பக் கோப்பு. கவுன்சில் இணையதளத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கிடக்கும். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். பாரம்பரியத் தாக்க அறிக்கை, மரக் கணக்கெடுப்பு, காட்சிப் படங்கள், போக்குவரத்து அறிக்கை, இந்த நான்கும் போதும்.

மரக் கணக்கெடுப்பை அச்செடுத்துக்கொண்டு பூங்காவுக்கே போய்விடுங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண் இருக்கும், பக்கத்தில் ஏ, பி, சி, யு என்று ஒரு தரம் இருக்கும். இன்னும் 40 ஆண்டாவது நிற்கும் நல்ல மரம் ஏ. பத்து ஆண்டு தாங்காதது யு. வெட்டப்போகும் மரங்களின் தரத்தைத் தனியாக எழுதிப் பாருங்கள். "மோசமான மரங்களைத்தான் எடுக்கிறோம்" என்று முன்னுரையில் எழுதியிருப்பார்கள், அட்டவணையில் ஏ-வும் பி-யும் வரிசையாக நிற்கலாம். இந்த ஒரு மாலை வேலை, கோபமான பத்துக் கடிதங்களுக்குச் சமம்.

அரங்கம் வந்தால் பூங்காவிலிருந்து எப்படித் தெரியும் என்று காட்டும் காட்சிப் படங்களுக்கும் அதே மாதிரிதான். படம் எடுத்த இடத்திலேயே போய் நில்லுங்கள். ஸ்டான்லி பூங்காவில் கெம்ப் உயரமான இடத்தில் நீளமான மேடை ஒன்று கட்டி, அங்கிருந்து ஏரியும் புல்வெளியும் கண்ணில் விரியும்படி அமைத்தார். அந்தப் பார்வைக்காகத்தான் பூங்காவே. ஆகவே மேடையிலிருந்து எடுத்த படம் கோப்பில் இருக்கிறதா, இலை உதிர்ந்த காலத்தில் எடுத்ததா என்று பார்ப்பேன். கோடையில் இலைகள் எதையும் மறைத்துவிடும்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். இங்கே கிளப் கேட்ட இடத்தில் ஒரு கார் நிறுத்தமும் விளையாட்டு மையமும் இருந்தன, கெம்ப்பின் தோட்டம் முழுவதையும் அவர்கள் கேட்கவில்லை. எந்த மூலை போகிறது என்று துல்லியமாக எழுதினால்தான் நம் கடிதத்துக்கு மதிப்பு.

இனி கடிதம். "நாம் வெளிநாட்டுக்காரர்கள், நமக்கெதற்கு வம்பு" என்று நம்மவர்கள் ஒதுங்குவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. குடியுரிமை வேண்டாம், ஓட்டுரிமை வேண்டாம், யார் வேண்டுமானாலும் எழுதலாம். குறைந்தது 21 நாள் அவகாசம் தருவார்கள். பெயரும் முகவரியும் வெளியாகலாம், அதை மட்டும் நினைவில் வையுங்கள். வீட்டு விலை குறையும் என்று எழுதாதீர்கள், அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். பூங்கா, வரலாற்றுப் பூங்காக்களின் தேசியப் பதிவேட்டில் எந்தத் தரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். முதல் தரமோ (Grade I) இரண்டாம் தர நட்சத்திரமோ (Grade II*) என்றால், பெரும் சேதத்தை மிக மிக அபூர்வமாகத்தான் அனுமதிக்கலாம் என்பது தேசியக் கொள்கை. அந்த வரியைக் காட்டிவிட்டு, நீங்கள் நேரில் பார்த்த மரத்தையும் பார்வையையும் அதன்கீழ் எழுதுங்கள். மேட்ச் நாட்களையும் கேளுங்கள்: பிரீமியர் லீக் கிளப் என்றால் லீக்கில் மட்டும் சொந்த மைதானத்தில் 19 ஆட்டம், கோப்பை ஆட்டங்கள் தனி, இசைக் கச்சேரிகள் எத்தனை?

திட்டத்தை ஆதரிக்கிறவர்களும் ஒன்றை வற்புறுத்தலாம். கட்டுமான ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை ஒரு மரத்தையும் தொடக்கூடாது, ஒரு வேலியும் போடக்கூடாது என்று நிபந்தனை வைக்கச் சொல்லுங்கள். குத்தகையிலும், இத்தனை ஆண்டுக்குள் கட்டாவிட்டால் நிலம் பூங்காவுக்கே திரும்பும் என்று எழுதச் சொல்லுங்கள்.

அனுமதி கிடைத்துவிட்டாலும் கோப்பை மூடிவைக்காதீர்கள். பொதுவாக 3 ஆண்டுக்குள் வேலை தொடங்காவிட்டால் அனுமதி காலாவதியாகும். ஆனால் அடித்தளத்துக்குக் கொஞ்சம் பள்ளம் தோண்டினாலே தொடங்கியதாகக் கணக்காகிவிடலாம். அனுமதி காலாவதியாகும் தேதியை நாட்காட்டியில் குறித்துவைத்து, நெருங்கும்போது பூங்காவைச் சுற்றி வாருங்கள். எங்காவது தோண்டியிருந்தால் தேதியோடு படம் எடுத்துக் கவுன்சிலுக்கு அனுப்புங்கள்.