தோட்டப்புற நகரத்தில் லைச்சி: வாங்குவது, காப்பது, ஆராய்வது, வளர்ப்பது

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஊரில் லைச்சி மரம் வைக்க நினைப்பவர்கள் முதலில் அறிய வேண்டியது, மரம் செழிப்பாக வளரும், ஆனால் காய்ப்பது அரிது என்பதே. தென்சீனத்தைச் சேர்ந்த இம்மரம் பூப்பதற்கு, வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும் குளிர்காலம் சில வாரங்களாவது நீடிக்க வேண்டும். பால்மரமும் (ரப்பர்) செம்பனையும் நிற்கும் நம் தாழ்நிலத்தில் இரவில்கூட அத்தகைய குளிர் தொடர்ந்து இருப்பதில்லை என்பதால், மரம் பூவுக்குப் பதிலாகத் தளிரையே திரும்பத் திரும்ப விடுகிறது. ஆகவே, சில ஆண்டுகளில் காய்த்துவிடும் என்று கன்று விற்பவர் சொன்னால் அதை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். பழத்தை வாங்கி ஆராயவும், அதன் விதையிலிருந்து ஒரு மரத்தை வளர்க்கவும் நம் ஊரில் தடையேதும் இல்லை.

முதல் படி: பழத்தைத் தேர்ந்தெடுத்தல்

சீனத்து லைச்சி நம் சந்தைக்கு ஜூன் மாதத்தை ஒட்டி வரும். மாம்பழத்தைப் போல லைச்சி பறித்த பின் பழுப்பதில்லை என்பதால், புளிப்பாக வாங்கியது புளிப்பாகவே இருக்கும். தோல் விறைப்பாகவும் காம்பு உலராமலும் உள்ள கொத்தாகப் பார்த்து வாங்குங்கள். காம்படியில் ஈரம் கசிந்திருந்தால் அந்தப் பழத்தை ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டாம் படி: கெடாமல் காத்தல்

வெளியே வைத்த லைச்சியின் சிவப்பு இரண்டு மூன்று நாளில் பழுப்பாகிவிடும். தோலிலுள்ள நீர் வற்றும்போது திசுக்கள் சிதைந்து, அவற்றிலுள்ள நொதிகள் சிவப்பு நிறமியைச் சிதைப்பதே இதற்குக் காரணம். அதற்குள் சதை கெட்டிருக்க வேண்டும் என்பதில்லை. நிறம் மாறியதற்காக நல்ல பழத்தைக் குப்பையில் போடுவது வீண். இதை நேரில் காண, ஒரே கொத்திலிருந்து மூன்று பழங்களை எடுத்து, ஒன்றைத் தட்டில் திறந்தபடியும், ஒன்றை நெகிழிப் பையில் கட்டி மேசை மீதும், மற்றொன்றை அதே போன்ற பையில் குளிர்பதனப் பெட்டியிலும் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் நிறத்தைக் குறித்து வாருங்கள். ஈரம் போவதும் வெப்பமும் தனித்தனியே என்ன செய்கின்றன என்பது அந்தக் குறிப்பிலேயே தெரிந்துவிடும்.

உண்பதற்கான பழங்களைக் கழுவாமல், காம்பைச் சிறிது விட்டு நறுக்கி, சில துளைகள் இட்ட பையில் போட்டு, 2 முதல் 5 பாகை குளிரில் வைத்தால் ஓரிரு வாரம் தாங்கும். ரம்புத்தானுக்கு இந்த அளவு குளிர் ஆகாது; 10 பாகைக்குக் கீழே போனால் அதன் தோல் கறுத்துவிடும். நீண்ட காலம் வைக்க வேண்டுமானால் லைச்சியைத் தோலோடு உறைய வைக்கலாம்.

மூன்றாம் படி: அறுத்துப் பார்த்தல்

பழத்தை நெடுக்காகக் கீறி, தோலை ஒரு பக்கம் மட்டும் உரித்துப் பாருங்கள். நாம் உண்ணும் வெண்மையான சதை, விதையைச் சுற்றி வளர்ந்த உறை. அது காம்புப் பக்கத்தில் மட்டுமே விதையோடு ஒட்டியிருப்பதால், அந்த இடத்தில் கத்தி நுனியை வைத்து நெம்பினால் பளபளக்கும் பழுப்பு விதை முழுதாகக் கழன்று வரும். ஒரு ரம்புத்தானையும் பக்கத்தில் வைத்து அறுங்கள். இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனால் ரம்புத்தானின் பல ரகங்களில் விதைத்தோலும் சதையோடு உரிந்து வந்து வாயில் நெருடும். சில லைச்சிப் பழங்களில் விதை சூம்பிச் சிறுத்திருக்கும். சதை மிகுதியாக இருப்பதால் சந்தையில் அவற்றுக்குத்தான் மதிப்பு, ஆனால் அந்த விதை முளைக்காது.

விதையை ஒருபோதும் உண்ணக் கூடாது. இந்தியாவின் முசாபர்பூரில் 2014இல் பிள்ளைகளைத் தாக்கிய மூளைப் பாதிப்பை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வு, லைச்சியிலுள்ள நச்சுப் பொருள்களையும் இரவு உணவு உண்ணாமல் உறங்கியதையும் அதனோடு தொடர்புபடுத்தியது. ஆகவே, பசித்த வயிற்றில் பிள்ளைகள் லைச்சியை அதிகம் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: விதைத்தல்

லைச்சி விதை உலர்ந்தால் உயிரிழந்துவிடும். எடுத்து வைத்துப் பிறகு விதைக்கலாம் என்பதற்கே இடமில்லை. சதை எடுத்த அன்றே கழுவி, செம்பனைக் கன்று வளர்க்கும் கறுப்புப் பையில், நீர் வடியும் மண்ணில், ஓரிரு செண்டிமீட்டர் ஆழத்தில் விதையைப் படுக்க வைத்து மூடுங்கள். மண் காயாமலும் சேறாகாமலும் இருந்தால் ஒன்று முதல் மூன்று வாரத்தில் முளைவிடும். விதையின் பருப்பு மண்ணுக்குள்ளேயே தங்க, தண்டு மட்டும் மேலெழுந்து செம்பு நிறத் தளிரை விரிக்கும். அந்தத் தளிர் வாடியது போலத் தொங்குவது இயல்பு. அதைப் பார்த்து மேலும் நீர் ஊற்றினால்தான் வேர் அழுகும். முதல் ஆண்டில் கன்றுக்கு நிழல் தேவை. நம் தோட்டப்புறங்களின் அமிலத்தன்மையுள்ள மண் இதற்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

ஐந்தாம் படி: பதியம் போடுதல்

மரம் பெரிதானதும், பென்சில் பருமனைவிடச் சற்றுத் தடித்த கிளையில் மூன்று செண்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரியுங்கள். பால்மரம் சீவிப் பழகியவர்கள் இங்கே கைப்பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். சீவும்போது பட்டை மீண்டும் வளர்வதற்காக, கட்டையை ஒட்டிய வழவழப்பான வளர்படலத்தில் கத்தி படாமல் காப்பார்கள். பதியத்தில் அதே படலத்தை மிச்சமின்றிச் சுரண்டினால்தான் பட்டை மூடிக்கொள்ளாமல் மேல் விளிம்பில் வேர் இறங்கும். ஈரமான தேங்காய் நார்த்தூளை வைத்து, நெகிழித் தாளால் சுற்றி, இரு முனையும் இறுகக் கட்டுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் தாளுக்குள் வெள்ளை வேர் தெரிந்து, அது பழுப்பேறத் தொடங்கியதும் கீழே அறுத்துப் பையில் நடலாம்.

வீட்டு மரத்திலேயே பழம் பறித்துத் தின்ன வேண்டும் என்பவர்கள், சில வார வறட்சி கண்டாலே பூக்கும் ரம்புத்தானை வைப்பது நல்லது. விதையில் வந்த ரம்புத்தான் ஆண் மரமாகிப் போகக்கூடும் என்பதால், அனாக் செக்கோலா போன்ற பெயர்பெற்ற ரகத்தின் ஒட்டுக்கன்றாகக் கேட்டு வாங்குங்கள்.