ஒரு மேசை, இரண்டு பேர், ஆறு ஷாட்: கன்டின்யூட்டி உடையாமல் எடுப்பது எப்படி?

கன்டின்யூட்டி என்றால், தனித்தனியாக எடுத்த ஷாட்களை ஒட்டும்போது ஒரே தொடர்ச்சியாகத் தெரிவது. காட்சி இதுதான். சாப்பாட்டு மேசையில் அண்ணனும் தங்கையும் எதிரெதிரே. அண்ணன் டீ குடிக்கிறான். தங்கை ஓர் அடகுச் சீட்டை மேசையில் வைத்து, "எப்பண்ணே இத வச்ச?" என்கிறாள். அவன் டம்ளரைக் கீழே வைக்கிறான். ஒரு நிமிடக் காட்சிக்கு ஒரு மொபைல், ஒரு ட்ரைபாட், அரை நாள் போதும்.

முதலில் கோடு

இருவரின் மூக்கையும் இணைத்து மேசையின் குறுக்கே ஒரு கோடு போவதாக வைத்துக்கொள்ளுங்கள். செட்டில் இதை இமேஜினரி லைன் என்பார்கள். பழகும்வரை தரையில் மாஸ்கிங் டேப்பே ஒட்டிவிடலாம். கேமரா எங்கே நகர்ந்தாலும் கோட்டுக்கு ஒரே பக்கத்தில்தான் நகர வேண்டும். அண்ணன் ஃபிரேமில் இடதுபுறம் இருந்தால், அவனுடைய எல்லா ஷாட்டிலும் ரைட் லுக், அதாவது பார்வை ஃபிரேமின் வலப்பக்கம். தங்கைக்கு லெஃப்ட் லுக். ஒரே ஒரு குளோஸ் (முகம் மட்டும் தெரியும் ஷாட்) கோட்டைத் தாண்டிப் போனாலும், இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேறு யாரிடமோ பேசுவதுபோல் இருக்கும். இதை எடிட்டில் சரிசெய்வது பெரும்பாடு.

செட்டிங்

நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி. நம்மூர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ட்யூப்லைட் ஃபிளிக்கர் (மினுக்கல்) அடிக்காது. எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் லாக் செய்யுங்கள். ஆட்டோவில் விட்டால், தங்கை வெள்ளைத் தாளை நீட்டும் நொடியில் படம் இருண்டு திரும்பும்.

ஷாட் வரிசை

முதலில் மாஸ்டர்: இருவரும் தெரிய, முழுக் காட்சியும். அடுத்து அண்ணன் தோள் சஜஷனில் (அவன் தோள் ஓரமாகத் தெரிய) தங்கை, பிறகு தங்கை குளோஸ். அவள் பக்கம் மொத்தமும் முடிந்தபின்தான் லைட்டைத் திருப்பி அண்ணனுக்கு அதே இரண்டு ஷாட். ஜன்னல் வெளிச்சம் விழும் முகத்தை முதலில் எடுங்கள். வெயில் நமக்காக நிற்காது. இரண்டு பக்கமும் அதே லென்ஸ், அதே தூரம், அதே உயரம் (உட்கார்ந்தவர் கண் மட்டம், சுமார் நாலடி). குளோஸுக்கு 2எக்ஸ் ஜூம் வைத்துப் பின்னால் தள்ளி நில்லுங்கள். வைட் லென்ஸோடு கிட்டே போனால் மூக்கு பெருக்கும். ஒரே ஆளை அடுத்தடுத்த ஷாட்டில் காட்டும்போது கேமரா குறைந்தது 30 டிகிரி நகர வேண்டும், அல்லது ஃபிரேமில் ஆளின் அளவு நன்றாக மாற வேண்டும். இல்லையென்றால் கட் 'ஜம்ப்' அடிக்கும், ஆள் திடீரென்று தாவியதுபோல் தெரியும்.

லோ ஆங்கிளில் (கீழிருந்து மேலே பார்த்து) வைத்தால் கெத்தாக இருக்குமே என்று கை துறுதுறுக்கும். காரணமில்லாமல் வேண்டாம். தங்கை எழுந்து நின்று சீட்டை வைக்கட்டும். கேமரா அண்ணனின் கண் மட்டத்திலேயே இருந்தாலும் லோ ஆங்கிள் தானாக வந்துவிடும். ஆனால் அண்ணன் குளோஸில் அவன் பார்வையும் மேலே போக வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் இது.

டீதான் வில்லன்

கண்ணாடி கிளாஸ் என்றால் டேக்குக்கு டேக் மட்டம் மாறும், மேலே ஆடை வேறு படியும். எவர்சில்வர் டம்ளர் கொடுங்கள், அளவே தெரியாது. ஆனால் காலி டம்ளர் வேண்டாம். வெயிட் இல்லாததைத் தூக்கும் கை உடனே காட்டிக்கொடுக்கும். முக்கால் அளவு தண்ணீர் ஊற்றுங்கள். எந்தக் கை, எந்தச் சொல்லில் டம்ளர் இறங்குகிறது என்று ஸ்கிரிப்டில் குறியுங்கள்: வலது கை, "வச்ச" முடிந்ததும். வசனத்தின்மேல் 'டங்' விழுந்தால் அந்த ஒலியைப் பிரிப்பது பெரும்பாடு.

டம்ளர் இறங்குவதை அவன் கை தெரியும் எல்லா ஷாட்டிலும் முழுதாகச் செய்யச் சொல்லுங்கள். கை பாதி வழியில் இருக்கும்போது வெட்டினால் கட் தெரியாது. ஒவ்வொரு டேக்கும் முடிந்த நிலையில் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். ஃபேனை நிறுத்துங்கள், சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள்.

கடைசியாக ஆறாவது ஷாட்: அடகுச் சீட்டு இன்சர்ட் (பொருளை மட்டும் கிட்டத்தில் காட்டும் ஷாட்), பத்து நொடி. இதில் யாருடைய லுக்கும் இல்லை என்பதால் மற்ற ஷாட்கள் ஒட்டாத இடத்தில் நடுவே செருகலாம். சீட்டின்மேல் அண்ணன் விரல் வருமானால், மாஸ்டரில் இருந்த மோதிரம் அதே விரலில் இருக்கிறதா என்று போட்டோவைப் பார்த்துவிட்டு ரோல் சொல்லுங்கள்.