மண் வேலை பில்லில் குழி அளவு வேறு, லாரி அளவு வேறு

மண் தோண்டியதையும் அள்ளிக்கொண்டு போனதையும் பில்லில் தனித்தனி வரியாகப் போடுங்கள். தோண்டியதற்குக் குழியின் நீளம், அகலம், ஆழம்; ஏற்றிப் போனதற்கு எத்தனை நடை, ஒரு நடைக்கு எவ்வளவு கொள்ளளவு.

இறுகிக் கிடக்கும் மண் வெட்டியதும் உப்பிவிடும். சாதாரண மண் சுமார் 25 சதவீதம் உப்பும். உடைத்த பாறை அதைவிட நிறையவே. 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழமுள்ள குழி 120 கன மீட்டர்தான், ஆனால் லாரியில் ஏறும்போது அது 150 ஆகியிருக்கும். 10 கன மீட்டர் லாரிக்கு 12 நடை என்று மனக்கணக்குப் போட்டிருக்கும் வாடிக்கையாளர், பில்லில் 15 நடையைப் பார்த்தால் சந்தேகப்படத்தான் செய்வார். உப்பல் கணக்கையும் பக்கத்திலேயே எழுதிவிட்டால் பேச்சு வராது. குழியை மூடுவதற்கு முன்பே அவரை வைத்துக்கொண்டு ஆழத்தை அளந்து கையெழுத்து வாங்கிவிடுங்கள். அப்புறம் அளக்க வழியே இல்லை.

மணிக்கு இவ்வளவு என்று பேசி இயந்திரம் ஓடும் வேலைக்கு இது தேவையில்லை, எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் இயந்திர மீட்டரின் ரீடிங் போதும். மொத்தத் தொகை பேசி எடுத்த வேலைக்கும் வேண்டாம். தோண்டிய மண் அங்கேயே கிடக்கப் போகிறது என்றால் முதல் வரி மட்டும் சரி.