அடுப்பில் ஏற்றாத சாக்லேட்: ரா வீகன் இனிப்புகள் நான்கு, முதல்முறை செய்பவர்களுக்கு

ரா வீகன் சாக்லேட்டில் பால், வெண்ணெய், தேன் எதுவும் கிடையாது. எந்தப் பொருளையும் குறிப்பிட்ட சூட்டுக்கு மேல் கொண்டுபோகவும் கூடாது. அந்த வரம்பு 42 டிகிரி செல்சியஸ் என்பார்கள் சிலர், 48 வரை போகலாம் என்பார்கள் வேறு சிலர். எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே கணக்கு இல்லை. இங்கே 45-ஐ எல்லையாக வைத்திருக்கிறோம். கோகோ வெண்ணெய் (கோகோ விதையிலிருந்து எடுக்கும் கொழுப்பு, பால் வெண்ணெய் அல்ல) முழுதாக உருகி, அதிலிருக்கும் பழைய படிகங்கள் மிச்சமில்லாமல் கரைய அந்தச் சூடு போதும்.

செய்முறைக்குப் போகுமுன் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். சாக்லேட் என்பது கொழுப்பில் மிதக்கும் தூள். கோகோவும் சர்க்கரையும் கோகோ வெண்ணெயில் கரைவதில்லை, நுண்ணிய துகள்களாக அதற்குள் நிற்கின்றன. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் சர்க்கரைத் துகள்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வழவழவென்று ஓடிக்கொண்டிருந்த கலவை சில விநாடிகளில் ஈரமண் போல இறுகிவிடும். ஆகவே கட்டிச் சாக்லேட்டுக்குத் தண்ணீர் ஆகவே ஆகாது. உருண்டை, மூஸ் (கரண்டியால் எடுத்துச் சாப்பிடும் குழைவான இனிப்பு), கேக் மூன்றுக்கும் அந்தக் கவலை இல்லை. அவற்றில் பேரீச்சம்பழமோ அவகேடோவோ ஊறவைத்த முந்திரியோ ஈரத்தைக் கொண்டுவந்தே தீரும்.

என்னென்ன வாங்க வேண்டும்

வறுக்காத கோகோ தூள். பாக்கெட்டில் காரம் (உறைப்பு அல்ல, ஆல்கலி) சேர்த்தது, ஆல்கலைஸ்டு, டச்சு முறை என்று போட்டிருந்தால் அது ரா இல்லை. அந்தத் தூள் கருமையாகவும் மென்மையான சுவையோடும் இருக்கும். வறுக்காததில் புளிப்பும் துவர்ப்பும் தூக்கலாக இருக்கும். சூட்டு வரம்பைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் சாதாரண கோகோ தூளையும் இதே அளவில் பயன்படுத்தலாம். இன்னொன்று: கோகோ விதையை நொதிக்கவைக்கும்போது குவியலுக்குள் சூடு தானாகவே 45 டிகிரியைத் தாண்டுவது சகஜம். பாக்கெட்டில் 'ரா' என்று இருந்தால் 'வறுக்கவில்லை' என்று எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

கோகோ வெண்ணெய் வெளிர் மஞ்சளில், கட்டியாகவோ சில்லுகளாகவோ கிடைக்கும். வாசனை நீக்கிய ரகமும் உண்டு, ஆனால் மணமுள்ளதே சாக்லேட்டுக்கு நல்லது. கட்டிச் சாக்லேட்டில் தேங்காய் எண்ணெயை இதற்கு மாற்றாக ஊற்றாதீர்கள். அது ஏறத்தாழ 24 டிகிரியிலேயே உருகிவிடும், சாக்லேட் கையில் எடுத்ததும் வழியும்.

இனிப்புக்குப் பேரீச்சம்பழமும் நன்கு பொடித்த தென்னஞ்சர்க்கரையும். தென்னஞ்சர்க்கரை தென்னம் பதநீரைக் காய்ச்சி எடுப்பது, மேப்பிள் மரச்சாற்றிலிருந்து வரும் மேப்பிள் பாகும் அப்படிக் காய்ச்சியதுதான். கறாராகப் பார்த்தால் இரண்டும் ரா கணக்கில் வராது, ஆனாலும் ரா சாக்லேட் செய்பவர்கள் பலர் இவற்றை அனுமதிக்கிறார்கள். முந்திரியும் அப்படியே. ஓட்டிலிருக்கும் எரிச்சலூட்டும் எண்ணெயைப் போக்க, ஓட்டோடு ஆவியிலோ சூட்டிலோ வாட்டித்தான் பெரும்பாலும் பருப்பை எடுக்கிறார்கள்.

கருவிகளில் இரண்டு கட்டாயம்: கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு, உள்ளே செருகிப் பார்க்கும் தெர்மாமீட்டர். கப் கணக்கு இதற்குச் சரிவராது. கோகோ தூளை அழுத்தி அள்ளுவதற்கும் தளர்வாக அள்ளுவதற்கும் எடை கணிசமாக மாறும்.

வறுப்பதுதான் கிருமிகளைக் கொல்லும் படி. இங்கே அது இல்லை என்பதால், பச்சையாகச் சாப்பிடத் தகுந்தது என்று தெளிவாகச் சொல்லி விற்கும் கோகோவையும் பருப்புகளையும் வாங்குங்கள். கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் வறுத்த கோகோவையே எடுத்துக்கொள்வது நல்லது.

முதலில் உருண்டை

உருக்கும் வேலை இல்லாததால் இதிலிருந்து தொடங்குங்கள். கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 200 கிராம், பாதாம் அல்லது வால்நட் 100 கிராம், கோகோ தூள் 30 கிராம், உப்பு இரண்டு சிட்டிகை. பேரீச்சை காய்ந்து தோல் சுருங்கியிருந்தால் 20 நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, துணியில் ஒற்றி எடுங்கள். மெத்தென்று இருந்தால் ஊறவைக்க வேண்டாம்.

பருப்பை மட்டும் முதலில் மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி, ரவை பதத்தில் நிறுத்துங்கள். கோகோ, உப்பு சேர்த்து ஒரு சுற்று. பிறகு பேரீச்சையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ஓட்டுங்கள். விரல்களுக்கு நடுவே ஒரு துளி எடுத்து அழுத்தினால் உதிராமல் நிற்க வேண்டும். அதுதான் பதம். உதிர்ந்தால் ஒரு டீஸ்பூன் தண்ணீர் விட்டு இன்னொரு சுற்று. 15 கிராம் வீதம் உருட்டினால் இருபது, இருபத்திரண்டு வரும். கோகோ தூளில் புரட்டி ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வையுங்கள்.

இதில் நடக்கும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான்: நிறுத்தாமல் ஓட்டுவது. பிளேடு சூட்டில் பருப்பின் எண்ணெய் பிரிந்து கலவை பளபளக்கும், உருட்டும்போது கையெல்லாம் எண்ணெயாகும். அப்படி ஆனால் அரை மணி நேரம் குளிரவைத்து, ஒரு மேசைக்கரண்டி கோகோ தூள் சேர்த்துப் பிசையுங்கள்.

மூஸ்

நன்கு பழுத்த அவகேடோ சதை 250 கிராம், ஊறவைத்த பேரீச்சை 120 கிராம், கோகோ தூள் 40 கிராம், தண்ணீர் அல்லது பாதாம் பால் 60 மில்லி, உருக்கிய தேங்காய் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 1 டீஸ்பூன், வனிலா, உப்பு. பேரீச்சையையும் தண்ணீரையும் முதலில் மைய அரைத்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் பேரீச்சைத் தோல் திப்பி திப்பியாக நிற்கும். அடுத்து அவகேடோ, கோகோ, மற்றவை. எண்ணெய் கடைசியில், மிக்ஸி ஓடும்போது மெல்லிய தாரையாக.

அவகேடோ ஃபிரிட்ஜிலிருந்து நேராக வந்ததாக இருக்கக்கூடாது. குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்து மூஸ் முழுக்க வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். பச்சை வாடை தூக்கலாக இருந்தால் உப்பையும் வனிலாவையும் கொஞ்சம் கூட்டுங்கள். காயாக இருந்த அவகேடோ தரும் கசப்புக்கு மருந்து இல்லை. இரண்டு மணி நேரம் குளிர்ந்தபின் பரிமாறலாம், இரண்டு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

கட்டிச் சாக்லேட்: கவனம் தேவைப்படும் இடம்

கோகோ வெண்ணெய் 100 கிராம், கோகோ தூள் 80 கிராம், பொடித்த தென்னஞ்சர்க்கரை 60 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. மொத்தம் 240 கிராம், ஏறத்தாழ 75 சதவீதச் சாக்லேட். வனிலா வேண்டுமென்றால் தூளாகவோ, காயிலிருந்து சுரண்டிய விதையாகவோ சேருங்கள். எசென்ஸில் தண்ணீரும் ஆல்கஹாலும் இருக்கும்.

ஏன் பாகு ஊற்றவில்லை என்று கேட்கலாம். இணையத்தில் பாதிக் குறிப்புகள் மேப்பிள் பாகைத்தான் சொல்கின்றன. பாகில் தண்ணீர் இருக்கிறது. கலவை கெட்டியாகும், அல்லது பாகு தனியாகப் பிரிந்து அச்சின் அடியில் பிசுபிசுக்கும். எப்படியானாலும் 'மடக்'கென்று உடையும் சாக்லேட் கிடைக்காது. பேரீச்சைத் தூள் தண்ணீர் இல்லாததுதான், ஆனால் நார் அதிகம், எவ்வளவு பொடித்தாலும் நாக்கில் தட்டும்.

கோகோ வெண்ணெய் பல வகைப் படிகங்களாக உறையக்கூடியது. அவற்றில் ஐந்தாவது வகை ஏறத்தாழ 34 டிகிரியில் உருகும். பளபளப்பு, உடையும் ஓசை, வாயில் கரையும் தன்மை எல்லாம் அதனால்தான். அதற்குக் கீழ்ப்பட்ட வகைகள் குறைந்த சூட்டிலேயே உருகிவிடும், சாக்லேட் மங்கிப்போய்க் கையில் ஒட்டும். சரியான படிகத்தை வேண்டுமென்றே உருவாக்குவதற்குத்தான் டெம்பரிங் என்று பெயர். வீட்டில் எளிய வழி, விதை போடுவது. கடையில் வாங்கிய கோகோ வெண்ணெய்க் கட்டியில் நல்ல படிகம் ஏற்கெனவே இருக்கும், அதைத் துருவிக் கலந்தால் மற்றதும் அதே ஒழுங்கில் உறையும்.

1. அச்சை முந்தின நாளே கழுவிக் காயவைத்து, செய்யும்போது பஞ்சால் துடையுங்கள். கிண்ணம், கரண்டி, தெர்மாமீட்டர் நுனி எல்லாம் காய்ந்திருக்க வேண்டும்.

2. சர்க்கரையை உலர்ந்த மிக்ஸியில் மாவாகப் பொடித்து, மிக நுண்ணிய சல்லடையில் சலித்து, 60 கிராம் எடையிடுங்கள். கொழுப்பில் சர்க்கரை கரையாது, இப்போது விட்ட நறநறப்பு கடைசிவரை இருக்கும். கோகோவையும் சலியுங்கள்.

3. கோகோ வெண்ணெயில் 10 கிராமை மெல்லத் துருவித் தனியே வையுங்கள். மீதி 90 கிராமை நறுக்கிக் கிண்ணத்தில் போடுங்கள்.

4. பாத்திரத்தில் தண்ணீரை 55 டிகிரிக்குச் சூடாக்கி அடுப்பை அணைத்துவிட்டு, அதன் மேல் கிண்ணத்தை வையுங்கள். கிண்ணம் பாத்திரத்தின் வாயைவிட அகலமாக இருந்தால்தான் ஆவி உள்ளே வராது. கிளறிக்கொண்டே இருங்கள். 45-ஐ எட்டியதும் எடுத்து, அடியில் ஒட்டிய ஈரத்தை உடனே துடையுங்கள். கிண்ணத்தைச் சாய்க்கும்போது விழும் அந்தச் சொட்டுதான் பல பேருடைய சாக்லேட்டைக் கெடுக்கிறது.

5. கோகோ, சர்க்கரை, உப்பு சேர்த்துக் கட்டியில்லாமல் கலக்குங்கள். அடித்து நுரைக்க வேண்டாம், காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளும்.

6. அவ்வப்போது கிளறியபடி 34 டிகிரி வரை ஆறவிடுங்கள். துருவலைப் போட்டு, நிறுத்தாமல் கிளறுங்கள். 31 முதல் 32 டிகிரிக்குள் வந்து, துருவல் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருந்தால் தயார். சூடு இறங்கியும் துருவல் கரையாமல் நின்றால் வெதுவெதுப்பான தண்ணீர் மேல் சில விநாடிகள் காட்டுங்கள், 33-ஐத் தாண்ட விடாதீர்கள். தாண்டினால் போட்ட விதையும் உருகிவிடும், புதிதாக 10 கிராம் துருவி 34-லிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

7. கத்தி நுனியைத் தோய்த்து வையுங்கள். 20 டிகிரி அறையில் ஐந்து நிமிடத்துக்குள் மங்கலான பளபளப்போடு உறைந்தால் பதம் சரி. பிசுபிசுவென்றே இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் கிளறுங்கள்.

8. அச்சில் ஊற்றி, மேசையில் தட்டிக் குமிழி போக்கி, 15 முதல் 20 நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். சரியாக உறைந்தது கொஞ்சம் சுருங்கும், அச்சைக் கவிழ்த்தால் தானாக விழும். விழாமல் அடம்பிடித்தால் டெம்பரிங் தவறியிருக்கிறது. சுவைக்குக் குறைவில்லை, உருக்கி மறுபடி முயலலாம்.

நடுவில் தண்ணீர் பட்டு இறுகிவிட்டால் அதைக் கட்டிச் சாக்லேட்டாக மீட்க முடியாது. தூக்கி எறியவும் வேண்டாம். வெதுவெதுப்பான பாதாம் பாலை ஒவ்வொரு கரண்டியாக விட்டு அடியுங்கள். முதலில் இன்னும் மோசமாகத் தெரியும், தண்ணீர் போதுமான அளவு சேர்ந்ததும் திடீரென்று வழவழப்பான கனாஷாக (சாக்லேட்டும் பாலும் சேர்ந்த குழைவான கலவை) மாறும். கீழே வரும் கேக்கின் மேல் ஊற்ற அது பொருத்தம்.

முந்திரி சாக்லேட் கேக், 18 செ.மீ. அச்சுக்கு

அடித்தட்டு: பாதாம் 150 கிராம், பேரீச்சை 120 கிராம், கோகோ தூள் 20 கிராம், உப்பு. உருண்டைக்குச் செய்தது போலவே அரைத்து, அடி கழலும் அச்சில் தாள் விரித்து, டம்ளரின் அடியால் அழுத்திச் சமப்படுத்துங்கள்.

மேல்பகுதி: முந்திரி 250 கிராம், பேரீச்சை 150 கிராம், தண்ணீர் கலக்காத தேங்காய்ப் பால் 150 மில்லி, கோகோ தூள் 50 கிராம், கோகோ வெண்ணெய் 60 கிராம், தேங்காய் எண்ணெய் 40 கிராம், எலுமிச்சைச் சாறு 1 டீஸ்பூன், உப்பு. இரண்டு கொழுப்பு எதற்கு? தேங்காய் எண்ணெய் மட்டும் போட்டால் வெளியே எடுத்த கொஞ்ச நேரத்தில் கேக் சரியும். கோகோ வெண்ணெய் மட்டும் என்றால் ஃபிரிட்ஜில் விறைத்து, மெழுகைக் கடிப்பதாக இருக்கும்.

முந்திரியைச் சாதாரணத் தண்ணீரில் 4 முதல் 6 மணி நேரம் ஊறவைத்து, அலசி, வடியுங்கள். பேரீச்சை, தேங்காய்ப் பாலோடு சேர்த்து அரையுங்கள். 30 விநாடி ஓட்டி, ஒரு நிமிடம் நிறுத்தி, பக்கங்களை வழித்துவிட்டு மறுபடி. தொடர்ந்து ஓட்டினால் உராய்வுச் சூடே 45-ஐத் தாண்டிவிடும். விரல்களில் தேய்த்தால் துகள் தட்டாத வரை பொறுமையாக அரைப்பதுதான் இந்தக் கேக்கின் முழு உழைப்பும். கோகோ, எலுமிச்சை, உப்பு சேர்த்தபின் உருக்கிய கொழுப்பைத் தாரையாக ஊற்றுங்கள்.

கலவை திரிந்து எண்ணெய் மின்னினால் பயப்படாதீர்கள். ஈரத்துக்கு மிஞ்சிய கொழுப்பு பிரிந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒன்றிரண்டு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு ஓட்டினால் சேர்ந்துவிடும்.

அச்சில் ஊற்றித் தட்டி, ஃபிரீசரில் 5 மணி நேரம். பரிமாற முக்கால் மணி நேரம் முன்னதாக ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். வெந்நீரில் முக்கித் துடைத்த கத்தியால் வெட்டினால் விளிம்பு உடையாது.

வைத்துச் சாப்பிட

உருண்டை ஃபிரிட்ஜில் இரண்டு வாரம், கேக் மூடிய டப்பாவில் ஃபிரீசரில் ஒரு மாதம் நன்றாக இருக்கும். கட்டிச் சாக்லேட்டை 16 முதல் 18 டிகிரியில், ஈரமில்லாத இடத்தில், காற்றுப்புகாமல் வைத்தால் சில மாதம் தாங்கும். வீடு சூடாக இருந்தால் ஃபிரிட்ஜ்தான் வழி. அப்போது டப்பாவை வெளியே எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்தபின் திறவுங்கள். நாய் வளர்ப்பவர்கள் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும், கோகோவிலுள்ள தியோபுரோமின் நாய்க்கு நஞ்சு.

சில வாரங்களில் மேலே வெள்ளையாகப் படிந்தால் பூஞ்சை என்று பதற வேண்டாம், விரலால் தேய்த்துப் பாருங்கள். வழவழப்பாக உருகி மறைந்தால் அது மேலே வந்த கொழுப்பு: டெம்பரிங் தவறியிருக்கும், அல்லது சூடு ஏறி இறங்கியிருக்கும். சொரசொரவென்று மறையாமல் நின்றால் சர்க்கரை: குளிர்ந்த சாக்லேட் மேல் ஈரம் படிந்து, சர்க்கரை கரைந்து, மறுபடி காய்ந்திருக்கிறது. இரண்டையும் சாப்பிடலாம். கொழுப்பு படிந்ததை உருக்கி மறுபடி டெம்பர் செய்யலாம். சர்க்கரை படிந்ததை மூஸிலோ கேக் கலவையிலோ சேர்த்துவிடுங்கள்.